பழைய ரீடர், புது மெஷின், நடுவில் ஒரு தகரப் பெட்டி

1. எல்லாம் ஏழாம் நம்பர்

ரீடர் படிக்க மறுத்துத் தள்ளியதால் ரிஜெக்ட் பாக்கெட்டில் விழுந்த கார்டுகள் மொத்தம் அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் நான் துளை போட்டு பஞ்ச் செய்தவை.

இதை யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. கார்டே காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் பஞ்ச் ரூமில் எட்டுப் பெண்கள், ஆளுக்கு ஒரு நம்பர். ஒரு கார்டில் எண்பது கட்டங்கள் உண்டு. கடைசி இரண்டு கட்டத்தில் பஞ்ச் செய்தவளின் நம்பர் இருக்க வேண்டும் என்பது விதி. என் நம்பர் 07.

என் பக்கத்து மெஷின் கஸ்தூரிதான் அந்தக் கார்டுகளை ஒன்றாகத் தட்டி அடுக்கி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எல்லாக் கார்டிலும் ஒரே இடத்தில் துளை இருந்தால்தான் கட்டின் வழியாக வெளிச்சம் வரும். கடைசி இரண்டு கட்டத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. பூஜ்யம், ஏழு.

"இன்னாமே, மொத்தமும் உன்துதான்!" என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ரூமில் அப்போது வேறு சத்தம் இல்லை.

மூன்றாவதாக ஒரு புள்ளியும் தெரிந்தது. கார்டின் மேல் ஓரத்தில், நடுவாக. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன்.

செக்‌ஷன் ஹெட் வரதராஜன் சார் கட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்டோர்ஸில் இருபது வருடம் இருந்துவிட்டு எங்கள் ரூமுக்கு வந்தவர். அவருக்குக் கோபப்படத் தெரியாது. அன்று கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னம்மா பிலோமினா, எல்லாம் உன் நம்பராவே இருக்கே?"

"தெரியல சார்."

"குழந்தை பொறந்தப்புறம் தூக்கம் சரியா இல்லையோ?"

அவர் கரிசனமாகத்தான் கேட்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஈரக் கையால் கார்டைத் தொடக்கூடாது என்பதும் விதி.

இந்த ஆண்டு பஞ்ச் ரூமுக்கு நான்கு பெண்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். அவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி வரதராஜன் சார் கேட்டார். எனக்கு இருபத்தெட்டு வயதுதான். அனுபவம் என்று எழுத இது போதுமா என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கடைசியில், மறைக்க நினைத்த சம்பவத்தையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

2. தகரப் பெட்டி

முதலில் மெஷின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆலை டீசல் பம்பு செய்கிறது. எந்த உதிரிப் பாகம் ஸ்டோர்ஸிலிருந்து எத்தனை போயிற்று, எத்தனை மீதி இருக்கிறது என்பதெல்லாம் கார்டில்தான் இருந்தது. நாற்பது டிராயர் கார்டு. அவற்றைப் படிக்க ஒரு கார்டு ரீடர். படித்ததைக் கூட்டிக் கழித்து லிஸ்ட் அடிக்க, பக்கத்து ஹால் முழுவதையும் அடைத்துக்கொண்டு பழைய மெஷின்.

அந்தப் பழைய மெஷின் போய்ப் புது கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு ஸ்டீல் பீரோவைச் சேர்த்து நிறுத்தியது போல இருந்தது. அவ்வளவுதான். ஹால் காலியாகி எங்கள் குரலே எதிரொலித்தது. கூடவே தட்டச்சு மெஷின் போல ஒரு டெலிபிரிண்டர். அதில் ஒரே ஆள் உட்கார்ந்து நேராக விவரத்தை அடிக்கலாம். கார்டு வேண்டாம். கார்டு வேண்டாம் என்றால் எட்டுப் பெண்களும் வேண்டாம்.

ஒர்க்ஸ் மேனேஜர் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பழைய ரீடரைப் புது கம்ப்யூட்டரோடு இணைக்க முடிந்தால் கார்டும் பஞ்ச் ரூமும் இருக்கட்டும். புதன்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்ப்பேன். ஒரு டிராயர் கார்டு முழுக்க ரிஜெக்ட் இல்லாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ரீடர் ஸ்கிராப்புக்கு, பெண்கள் பேக்கிங் ஷெட்டுக்கு.

பேக்கிங் ஷெட்டில் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆலையின் கிரெஷ் எட்டு மணிக்குத்தான் திறக்கும். என் மகன் ஜோசப்புக்கு அப்போது ஏழு மாதம். ராயபுரத்திலிருந்து அவனைத் துண்டில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து, எட்டு மணிக்குக் கிரெஷில் விட்டுவிட்டுத்தான் நான் பஞ்ச் ரூமுக்குள் நுழைவேன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார்.

"ஆறு மணின்னா கொயந்தய இன்னா பண்றது? கேட்டாண்ட வாட்ச்மேன் கைல குட்த்துட்டுப் போவியா?" என்று அவர் கேட்டார். "வேலைய வுட வேண்டிதான், பிலோ. வேற இன்னா பண்றது."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை.

இரண்டு மெஷினையும் இணைக்க புது கம்ப்யூட்டர் கம்பெனி ஒரு இன்ஜினியரை அனுப்பியது. பெயர் சேஷாத்ரி. பெங்களூரிலிருந்து வந்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். அவர் கொண்டுவந்த அடாப்டர் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. ஒரு பக்கம் விரல் தடிமனில் பின்கள் உள்ள பழைய பிளக். மறு பக்கம் மெல்லிய, நாடா போன்ற கேபிள்.

கஸ்தூரி திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துப் பெண். பயம் வந்தாலும் கிண்டலாகத்தான் வெளியே வரும். "சார், இன்னா சார் இது, பெரிய சைஸு டிபன் பாக்ஸாட்டம் கீது. இத்த நம்பிகினா எட்டுப் பேரு பொயப்பு கீது?"

சேஷாத்ரி சிரித்தார். "உங்க பழைய ரீடர் நாப்பத்தெட்டு வோல்ட்ல பேசும். கத்திக் கத்திப் பேசற ஆள்னு வெச்சுக்கோங்க. எங்க மெஷினுக்கு அஞ்சு வோல்ட்தான். அப்படியே சேர்த்தா காது செவிடாயிடும், புகைஞ்சு போயிடும். இந்தப் பெட்டி நடுவுல நின்னு, அவர் கத்தறதைக் கேட்டு, இவர் காதுல ரகசியமா சொல்லும்."

"அவ்ளோ மரியாதியான பெட்டியா!" என்றாள் கஸ்தூரி.

செவ்வாய்க்கிழமை காலை முதன்முதலாக ஐம்பது கார்டு வைத்தார். ரீடர் எப்போதும் போல இரைந்தது. கார்டுகள் பறந்து மறு பக்கத் தட்டில் அடுக்கிக்கொண்டன. கண் மூடித் திறப்பதற்குள் டெலிபிரிண்டர் தானாக அடிக்கத் தொடங்கியது. முதல் வரியில் பாகத்தின் நம்பர். அது நான் பஞ்ச் செய்த கார்டு அல்ல, கஸ்தூரியுடையது. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கம்ப்யூட்டர் செய்யப்படுவதற்கு முன்பே நாங்கள் போட்ட துளைகள் அவை. அதைச் செய்தவர்கள் எங்களைப் பார்த்ததில்லை. எங்கள் ரீடரைச் செய்தவர்கள் அந்தக் கம்ப்யூட்டரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மெஷின்கள், ஒரு தகரப் பெட்டி வழியாக, கஸ்தூரியின் விரல் போட்ட துளையைப் பற்றிப் பேசிக்கொண்டன.

கோயிலில் நற்கருணை நேரத்தில் தலை குனிவது போல எனக்குத் தலை தானாகக் குனிந்தது. வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு முழு டிராயரை ஓட்டினார்கள். சுமார் இரண்டாயிரம் கார்டு. அப்போதுதான் அந்த அறுபத்தொன்று விழுந்தன.

3. சரி செய்தேன்

சேஷாத்ரி முதலில் தன் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். மூடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக அசைத்துப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். அதே அறுபத்தொன்று. பிறகு ஒரு கார்டை எடுத்துக் கண்ணருகே பிடித்துத் துளைகளை எண்ணினார்.

"கிடைச்சிடுச்சு. இது எண்ணிக்கை போடற இடம். கடைசிக் கட்டத்துல ஒரு துளைதான் இருக்கணும். ரெண்டு இருக்கு. அஞ்சு இருக்கு, அதுக்கு மேல எக்ஸ் வரிசையிலயும் ஒண்ணு இருக்கு."

கார்டில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து வரிசைகள் எண்ணுக்கு. அவற்றுக்கு மேலே, அச்சு இல்லாத வெற்றிடத்தில், இன்னும் இரண்டு வரிசைகள் உண்டு. அதில் ஒன்றைத்தான் எக்ஸ் வரிசை என்போம். கஸ்தூரி கட்டைப் பிடித்தபோது நான் பார்த்த மூன்றாவது புள்ளி அதுதான்.

"சார், அது எக்ஸ் போடணும்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

"நம்பர் போடற இடத்துல எக்ஸ் எதுக்கு மேடம்?"

எனக்குத் தெரியாது. ரிட்டர்ன் ஸ்லிப்புக்குக் கடைசி நம்பர் மேல் எக்ஸ் போடு என்று பஞ்ச் ரூமில் முன்பு இருந்த சரோஜா சொல்லிக் கொடுத்தாள். அவள் கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள். இடது கையால் கார்டை நகராமல் நிறுத்தும் கீயை அழுத்திக்கொண்டு, வலது கையால் கடைசி நம்பர், பிறகு எக்ஸ். என் விரல்களுக்கு அது தெரியும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

"சரோஜா சொன்னாங்க சார்."

சேஷாத்ரி வரதராஜன் சாரைப் பார்த்தார். அவர் நெற்றியைச் சுருக்கினார். "எனக்குத் தெரிஞ்சு அப்படி எழுத்துல ஒண்ணும் இல்லையே. கஸ்தூரி, நீ போடுவியா?"

"நான் ரிட்டர்ன் ஸ்லிப்பு தொட்டதே இல்ல சார்."

மற்றவர்களும் இல்லை என்றார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரோஜா அப்படித்தான் சொன்னாளா? வேறு எதற்கோ சொன்னதை நான் இதற்கு என்று எடுத்துக்கொண்டேனா? கர்ப்பமாக இருந்தபோது எத்தனையோ மறந்திருக்கிறேன். ஒருநாள் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி ரயிலில் எண்ணூர் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

"அறுபத்தொண்ணுதானே. ரீபஞ்ச் பண்ணிடுங்க மேடம், எக்ஸ் இல்லாம," என்றார் சேஷாத்ரி. "நாளைக்கு மூணு மணிக்கு க்ளீனா ஓடிடும்."

செய்தேன். முக்கால் மணி நேரத்தில் அறுபத்தொரு புதுக் கார்டு. டிராயரில் சேர்த்து ஓட்டினார்கள். ரிஜெக்ட் பாக்கெட் காலி. எல்லோரும் கை தட்டினார்கள். கஸ்தூரி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒரு நாளு பூரா வவுத்துல புளியக் கரச்சுட்டியே மே!"

தவறான கார்டை மூலையைக் கிழித்துக் குப்பைச் சாக்கில் போட வேண்டும் என்பது விதி. நான் எப்போதும் விதிப்படி நடப்பவள். ஆனால் அன்று அந்தப் பழைய அறுபத்தொன்றையும் ரப்பர் பேண்ட் போட்டு, ஜோசப்பின் துணிப்பையில், உலர்ந்த துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காரணம் எதுவும் இல்லை. எனக்கு எதையும் உடனே தூக்கிப் போட முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவள் நான். இதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

4. முனியம்மாவின் சிலேட்டு

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜோசப்புக்குப் பால் கொடுக்கப் போனேன். கிரெஷில் பதினொரு குழந்தைகள். பார்த்துக்கொள்வது முனியம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் குழந்தை எத்தனை முறை பால் குடித்தது என்று தாய்மார் வந்ததும் காட்ட வேண்டும். அதற்குச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டியிருந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம். ஜோசப்புக்கு ஒரு மீன். படத்துக்குப் பக்கத்தில், பால் குடித்தால் ஒரு கோடு.

அன்று மீனுக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டாவது கோட்டின் தலையில் குறுக்காக ஒரு சின்னக் கீற்று.

"இது என்ன முனியம்மா? ரெண்டு தடவை குடிச்சானா?"

"எங்க குட்ச்சான்? ரெண்டாவது தபா குட்ச்ச பால மொத்தமும் கக்கிட்டான் உன் துரை. அதான் தல மேல கீத்து போட்டுக்கீறேன். கோடு போட்டா உள்ள போச்சு. கீத்து போட்டா போனது திரும்பி வந்துருச்சு."

"அப்போ கோட்டையே அழிச்சிட வேண்டியதுதானே?"

"எதுக்கு அய்க்கணும்? குட்த்தது நெசம், கக்குனதும் நெசம். ரெண்டும் உனுக்குத் தெரியணுமில்ல?" அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கீத்த மட்டும் எவனாச்சும் அய்ச்சுட்டான்னு வெய்யி. ரெண்டு தபா குட்ச்சிகீறான்னு நெனச்சுகினு நீ பாட்டுக்குப் போய்ட்டுருப்ப. கொயந்த பசில கத்திகினு கெடக்கும்."

ஜோசப் என் மடியில் இருந்தான். கோட்டின் தலையில் கீற்று, நம்பரின் தலையில் எக்ஸ்.

ரிட்டர்ன் ஸ்லிப் என்பது என்ன? ஸ்டோர்ஸிலிருந்து போன பொருள், தேவைப்படாமல் திரும்பி வந்தால் எழுதுவது. நூறு பேரிங் போயிற்று. இருபத்தைந்து திரும்பி வந்தது. ஆக எழுபத்தைந்துதான் செலவு. இருபத்தைந்தின் தலையில் இருக்கும் எக்ஸ், திரும்பி வந்தது என்று சொல்கிறது. கூட்டாதே, கழி என்கிறது. அந்த எக்ஸை எடுத்துவிட்டால் நூற்று இருபத்தைந்து செலவு என்றாகிவிடும். இரண்டுக்கும் வித்தியாசமான ஐம்பது பேரிங், ஸ்டோர்ஸ் அலமாரியில் கண்ணெதிரே இருந்தும், கம்ப்யூட்டருக்கு இல்லாமல் போய்விடும்.

அறுபத்தொரு கார்டில் நான் அந்தக் கீற்றை அழித்திருந்தேன்.

ஏன் எல்லாம் 07 என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் கர்ப்பமாக இருந்தபோது, "இந்தப் பொண்ணுக்கு லேசான கட்டைக் கொடுங்க" என்று வரதராஜன் சார்தான் சொன்னார். ரிட்டர்ன் ஸ்லிப்தான் நாளுக்கு நாலைந்து மட்டும் வரும் சின்னக் கட்டு. சரோஜாவும் அந்த மாதம்தான் போனாள். அதிலிருந்து ரிட்டர்ன் ஸ்லிப் முழுவதும் என்னிடம், நான் பேறுகால லீவில் இருந்தபோது சேர்ந்தவைகூட. இரக்கப்பட்டுக் கொடுத்ததை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

5. சாப்பாட்டு இடைவேளை

நான் சாப்பிடப் போகவில்லை. என் எண்ணம் தவறாக இருக்கலாம் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. பீரோவைத் திறந்து பழைய மெஷின் கடைசியாக அடித்த லிஸ்ட்டை எடுத்தேன். துணிப்பையிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்து, அதிலிருந்த ஸ்லிப் நம்பரைத் துளை துளையாகப் படித்து, லிஸ்ட்டில் தேடினேன். இருந்தது. எண்ணிக்கைக்கு நேராக 25. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கழித்தல் குறி. இரண்டாவது கார்டு. கோடு. மூன்றாவது. கோடு. ஏழாவது கார்டுக்கு மேல் எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பன்னிரண்டு வரை தேடினேன்.

முந்தின வருட டிராயரிலிருந்து சரோஜாவின் கார்டுகளையும் எடுத்தேன். அவள் நம்பர் 03. ஒரு தப்பும் வராது என்று பெயர் வாங்கியவள். அவளுடைய ரிட்டர்ன் கார்டிலும் எக்ஸ் இருந்தது.

கஸ்தூரி சாப்பிட்டுவிட்டு முதலில் வந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"இப்ப யாரு உன்ன கேட்டது? டிராயரு ஓடுதா? ஓடுது. மூணு மணிக்கு அந்தாளு வருவான், பாப்பான், பூடுவான். கம்முனு கெடமே. அப்பால சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா, ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்பாங்களே."

"அதுக்கு இப்ப பேஜாரு பண்ணுவியா? பெட்டி வேலைக்கு ஆவலன்னு சொல்லிட்டு எட்டுப் பேரயும் ஷெட்டுக்குத் தொர்த்திட்டான்னா? உன் கொயந்தக்கிதான் மொத ஆப்பு, தெர்தா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மூன்று மணிக்கு யாரும் லிஸ்ட்டை ஒப்பிடப் போவதில்லை. ரிஜெக்ட் விழுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். நான் பேசாமல் இருந்தால் என் வேலை இருக்கும், கிரெஷ் இருக்கும். பல மாதம் கழித்து எங்கோ ஒரு கணக்கு உதைக்கும். அது 07 என்று அப்போது யார் தேடப் போகிறார்கள்?

துணிச்சல் வந்து நான் பேசவில்லை. மூன்று மணிக்கு மேனேஜர் முன்னால் அந்த அறுபத்தொரு கார்டும் ஓடும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று தெரிந்ததால் பேசினேன்.

சேஷாத்ரி கேன்டீனிலிருந்து வந்தபோது மணி ஒன்றே கால். வரதராஜன் சாரும் கூட வந்தார். லிஸ்ட்டையும் பழைய கார்டுகளையும் சரோஜாவின் கார்டுகளையும் மேஜையில் வைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை, "தப்பு என் மேலயும் இருக்கலாம் சார்" என்று சொல்லியிருக்கிறேன். கஸ்தூரி பிறகு எண்ணிச் சொன்னாள்.

வரதராஜன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு வராரும்மா. இப்பப் போய்..."

சேஷாத்ரி சரோஜாவின் ரிட்டர்ன் கார்டுகளை ரீடரில் வைத்து ஓட்டினார். எல்லாம் ரிஜெக்ட் பாக்கெட்டில் விழுந்தன. லிஸ்ட்டைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

"மேடம், அஞ்சும் எக்ஸும் சேர்ந்தா எங்க மெஷின் பாஷைல அது இங்கிலீஷ் எழுத்து, 'என்'. நம்பர் இடத்துல எழுத்து வந்தா தள்ளிடுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். உங்க பழைய மெஷின் அதையே கழித்தல்னு எடுத்துக்கிட்டிருக்கு. பெட்டி மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல. கேட்காம விட்டது நான்."

"மூணு மணிக்குள்ள முடியுமா சார்?" என்று கேட்டேன்.

"சால்டரிங் அயர்ன் சூடாக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவுதான் யோசிக்க நேரம்."

பெட்டியைத் திறந்தார். உள்ளே கார்டின் பன்னிரண்டு வரிசைக்குப் பன்னிரண்டு கம்பிகள். எக்ஸ் வரிசைக் கம்பியை எழுத்துப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனியாக ஒரு இடத்தில் பற்றவைத்தார். நான் டார்ச் பிடித்தேன். பிறகு டெலிபிரிண்டரில் சில வரிகள் அடித்தார். எக்ஸ் வந்தால் கழி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறாராம்.

டிராயரிலிருந்து நான் ரீபஞ்ச் செய்த அறுபத்தொன்றையும் உருவி எடுத்தேன். துணிப்பையிலிருந்த பழைய அறுபத்தொன்றை அந்தந்த இடத்தில் சொருகத் தொடங்கினேன். கஸ்தூரி என் எதிரில் வந்து நின்று பாதிக் கட்டை வாங்கிக்கொண்டாள். கார்டில் லேசாகப் பால் வாசனை அடித்தது.

"கலீஜ் பண்ணி வெச்சிக்கீற" என்று முணுமுணுத்தாள். அவள் விரல்கள் என்னுடையதைவிட வேகமாக ஓடின.

6. மூன்று மணி

ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஒர்க்ஸ் மேனேஜர் மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார்.

சேஷாத்ரி பொத்தானை அழுத்தினார். ரீடர் இரைந்தது. நிமிடத்துக்கு முந்நூறு கார்டு. டிராயர் முழுவதும் ஓட ஏழு நிமிடம் ஆகும். நான் ரிஜெக்ட் பாக்கெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் ரிட்டர்ன் கார்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நூற்றுப் பன்னிரண்டு. எண்ணினேன். எண்ண முடியவில்லை, கார்டு அவ்வளவு வேகம். டெலிபிரிண்டர் அடிக்கும் சத்தத்தில் ஒரு சின்ன மாறுதல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

25-

அந்தக் கோடு ஒரு அரிசி அளவுகூட இல்லை.

அந்தத் துளையைப் போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. எட்டாம் மாதம். வயிறு மெஷினில் இடித்ததால் பக்கவாட்டில் உட்கார்ந்து பஞ்ச் செய்வேன். இடது கை, வலது கை, ஐந்து, எக்ஸ். பொருள் தெரியாமல் போட்ட துளை. அதை இந்தப் பழைய ரீடர் நாற்பத்தெட்டு வோல்ட்டில் கத்த, தகரப் பெட்டி மெதுவாகச் சொல்ல, என்னைத் தெரியாத ஒரு மெஷின் அதன் பொருளைப் புரிந்துகொண்டு காகிதத்தில் எழுதிக் காட்டுகிறது. நான் புரிந்துகொள்ளாததையும் என் கை சரியாகவே சொல்லியிருந்தது. அந்த மெஷின் அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டது. இத்தனை பெரிய விஷயத்துக்கு முன்னால் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈரக் கண்ணால் கார்டைப் பார்க்கக்கூடாது என்று விதி இல்லை என்பது நல்லதாயிற்று.

ஏழு நிமிடம் கழித்து ரீடர் நின்றது. ரிஜெக்ட் பாக்கெட் காலி.

"ஓடுதா?" என்றார் மேனேஜர்.

"ஓடுது சார்," என்றார் வரதராஜன் சார்.

"சரி, இருக்கட்டும்."

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். அறுபத்தொரு கார்டு பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். எழுதலாமா என்று வரதராஜன் சாரிடம் கேட்டேன். "எழுதும்மா, என் பேர்ல வர்ற தப்பையும் சேர்த்தே எழுது" என்றார்.

7. புதிதாக வந்தவர்களுக்கு

அந்தத் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சேஷாத்ரி ஊருக்குப் போகும் முன் என்னை எழுதச் சொல்லி ஒட்டினார். எந்தக் கட்டத்தில் எக்ஸ் வந்தால் என்ன பொருள் என்று பதினான்கு வரிகள். மற்ற ஏழு பெண்களையும் உட்கார வைத்து, ஒவ்வொருவரின் விரலுக்கும் என்ன பழக்கம் இருக்கிறது, ஏன் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பதினான்கில் ஒன்பதுக்கு எங்களில் ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. லிஸ்ட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டுதான். யார் எதைப் பஞ்ச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. இரண்டாவது, சந்தேகம் வந்தால் பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகப்படுவதை நான் என் குறை என்றே நினைத்திருந்தேன். அது முழுக்கக் குறை அல்ல என்று இப்போது நினைக்கிறேன். இதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிரெஷுக்குப் போனேன். சிலேட்டில் மீனுக்குப் பக்கத்தில் நான்கு கோடுகள். இரண்டாவதின் தலையில் மட்டும் கீற்று. அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"அப்பால ரெண்டு தபா குட்ச்சான். ஒண்ணும் திரும்பி வர்ல" என்றாள் முனியம்மா. "இன்னா, இப்டி முயிக்கிற? நாளிக்கி வருவியா, மாட்டியா?"

"எட்டு மணிக்கு வரேன்" என்றேன்.